ஓரமில்லாத கேக்

"காசியக்காவை யாரோ என்னமோ பண்ணிட்டாங்க. கேக்கைப் பாத்தாலே தெரியுதுங்க."

வாட்ஸ்அப்பில் இப்படிச் சொன்ன பெண்ணின் பெயர் சந்திரலேகா. பாரீசிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். என் முதலாளி திருஞானசம்பந்தம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது தூக்கம்தான்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். துப்பறிவது என்றால் பெரும்பாலும், மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்று விசாரித்துப் பெண் வீட்டாருக்குச் சொல்வது. சாருக்கு வயது அறுபது, உடம்பில் சர்க்கரை, கையில் கறுப்புக் குடை. நான் சுகிர்தா. அவருக்கு உதவியாளர், ஓட்டுநர், தேவைப்பட்டால் வாய். ஊரில் பாதிக் கல்யாணங்களை நாங்கள் நிறுத்தியிருப்பதால் மீதிப் பாதிக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டு பேருமே தனிக்கட்டை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நான் விசாரித்ததில்லை.

சந்திரலேகா சொன்ன கதை இது. வீட்டில் கேக், பிரெட் செய்யும் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. தமிழ் பேசும் ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் உண்டு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அதில் காரைக்கால் காசியம்மா என்று ஒருவர். தினமும் மாலை நான்கு மணிக்கு அன்று செய்ததைப் படம் பிடித்துப் போடுவார். அவருடைய ஓவனில் இடது பக்கம் சூடு அதிகமாம். அந்தப் பக்கம் சீக்கிரம் வெந்து அமுங்கிவிடும், வலது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். காசியக்கா கேக் தோளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறது என்று குழுவில் கேலி செய்வார்களாம். மூன்று வாரமாக வருகிற படங்களில் கேக் நேராக இருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. முன்பெல்லாம் குரலிலேயே பேசி அனுப்புகிறவர், இப்போது "நல்லாருக்கேம்மா" என்று எழுதி முடித்துக்கொள்கிறார்.

"போலீஸ்ல சொல்லலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்றது? கேக் நேரா இருக்குன்னா?"

நியாயம்தான். வேறு யாரிடமாவது விசாரித்தீர்களா என்றதற்கு, வீடு எங்கே என்று தெரியாது, காரைக்கால் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். அவள் பக்கத்தில் எங்கோ ஒரு பெண் குரல் "கா... கா..." என்று இழுத்துக் கூப்பிட்டது கேட்டது.

"தெனம் என்கிட்ட பேசுறது அவங்க ஒருத்தர்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரும் இல்ல. எது தெரிஞ்சாலும் மறைக்காம சொல்லுங்க" என்றாள். சார் கண்ணைத் திறந்து, மறைக்கிற பழக்கம் இந்த ஆபீசுக்குக் கிடையாது என்றார். அவள் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். "ஐயோ, கரண்டு போயிட்டுங்க, அப்புறமாப் பேசுறேன்" என்று பாதியில் வைத்துவிட்டாள். அப்போது மணி பதினொன்று.

அவள் எண் இந்திய எண்ணாக இருந்ததைச் சாரிடம் காட்டினேன். ஊரை விட்டுப் போனாலும் பழைய வாட்ஸ்அப் எண்ணை விடாதவர்கள் உண்டு என்றார். என் பெரியம்மா மகன் துபாய் போய்ப் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறான், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

அவள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். சர்க்கரை வந்ததிலிருந்து சார் இனிப்பைக் கண்ணால்தான் சாப்பிடுகிறார். அதனால் அவசரப்படவே இல்லை.

"சுகிர்தா, இதுல ஓரம் எங்க?"

"சாப்பிட்டிருப்பாங்க சார்."

"தெனமுமா? நாலு பக்கமுமா?"

மறுபடி பார்த்தேன். பழைய படங்களில் முழு கேக் இருந்தது, அல்லது ஒரு பக்கமாவது பழுப்பாக வெந்த துண்டு இருந்தது. வீட்டுத் தகரத்தில் வேகிற சின்ன கேக்கை எப்படி வெட்டினாலும் ஓரம் வந்துவிடும். புதுப் படங்களில் இருந்தது ஒரே ஒரு துண்டு, நான்கு பக்கமும் வெட்டுப்பட்டது. கட்டில் அகலத் தட்டில் வெந்து, அதன் நடுவிலிருந்து எடுத்த துண்டு. அப்படிப்பட்ட தட்டு எந்த வீட்டு ஓவனுக்குள்ளும் நுழையாது.

"கடை கேக்" என்றார் சார். "யாரோ கடையில வாங்கி, காசியம்மா செஞ்ச மாதிரி போடுறாங்க."

"அப்ப காசியம்மா உயிரோட இருக்கறதா காட்டணும்னு யாருக்கோ அவசியம். கொலைகாரனுக்கு இனிப்பும் பிடிக்கும் போல சார்."

அவர் சிரிக்கவில்லை. காரைக்காலில் எத்தனை பேக்கரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தார். நான் கடைசிப் படத்தைக் காட்டி, இது காதர் பாட்சா கடை ஹனி கேக் என்றேன். மற்றக் கடைகளில் மேலே ஜாமும் தேங்காய்த் தூளும் தூவுவதோடு சரி. அவர் மட்டும்தான் துண்டுக்கு ஒரு பச்சை டூட்டி ஃப்ரூட்டி வைப்பார். சிவப்பை எல்லாம் பன்னுக்கு எடுத்துக்கொள்வார். இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார் சார். சனிக்கிழமை ராத்திரி எங்கள் மெஸ்ஸுக்கு லீவு, அன்றைக்கு என் சாப்பாடே அதுதான் என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கும் சனிக்கிழமை. திருநள்ளாறு சாலை முழுக்க வேனும் காருமாக இருந்தது. பரிகாரம் செய்ய வந்தவர்கள் அத்தனை பேரும் என் ஸ்கூட்டிக்கு முன்னால்தான் போனார்கள். பின்சீட்டில் சார் குடையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்த்திகை மாதம், வானம் எந்த நேரமும் கொட்டுவதற்குத் தயாராக இருந்தது.

காதர் பாட்சா படத்தைப் பார்த்ததும் தன் பிள்ளையைப் பார்த்ததுபோலச் சிரித்தார். யார் வாங்குகிறார்கள் என்பதையும் உடனே சொல்லிவிட்டார். குரும்பகரம் மினி பஸ்ஸில் ஓர் அம்மா வருவார். தினமும் ஒரே துண்டு.

"வாங்குறவங்கள்லாம் பெரிய துண்டாக் கேப்பாங்க தங்கச்சி. அந்தம்மா நடுத்துண்டாக் கேக்கும். ஓரம் காஞ்சிருக்கும், நடுவுல வெட்டிக் குடுங்க பாய்னு நின்னு வாங்கிட்டுப் போகும்."

சார் என்னைப் பார்த்தார். ஏமாற்ற நினைக்கிறவர் கைக்கு வந்த துண்டை வாங்கிக்கொண்டு போவார். எது நல்ல துண்டு என்று தெரிந்து கேட்டு வாங்குகிறவருக்குக் கேக் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தை விட முடியாமல்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

வந்ததற்கு ஒரு பன் வாங்கலாம் என்றால் அலமாரி காலி. ரொட்டி போடும் இடம் வரிச்சிக்குடியில் இருக்கிறது, அங்கே ஏதோ லைன் வேலை, பதினோரு மணிக்குப் போன கரண்டு இன்னும் வரவில்லை என்று காதர் பாட்சா அலுத்துக்கொண்டார். டவுனில் இருக்கிறதே என்றேன். வரிச்சிக்குடிப் பக்கம் மட்டும்தான் தங்கச்சி என்றார். சார் எத்தனை மணிக்கு என்று இன்னொரு முறை கேட்டார். பன் கிடைக்காத ஏக்கம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா அப்போதுதான் துண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். மினி பஸ்ஸை வயல் சாலையில் பிடித்துவிட்டோம். குரும்பகரத்தில் இறங்கிய பெண் வயர் கூடையோடு ஓர் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததையும் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும், நல்ல நடை. காசியம்மாவை எங்கே அடைத்து வைத்திருக்கிறாய் என்று எந்தக் குரலில் கேட்பது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே கதவைத் தட்டினேன். சார் முந்திக்கொண்டு, காசியம்மா இருக்காங்களா என்று கேட்டார்.

"நாந்தாங்க. நீங்க யாரு?"

எனக்குத் தயாராக இருந்த வசனமெல்லாம் வீணாகப் போயிற்று. அவருக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் ஒரு பீங்கான் தட்டில் ஹனி கேக் துண்டு இருந்தது. வெளிச்சத்துக்காகத் திரையை விலக்கி வைத்திருந்தார். மூலையில் ஓவன், அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தது.

நாங்கள் யார் என்று சார் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கேக் விஷயம் போலீஸ் வரைக்கும் போய்விட்டதா என்று கேட்டார். நாங்கள் போலீஸ் இல்லை, உங்களைக் காணோம் என்று ஒருவர் தவித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்காரர் காலமாகி வெகுகாலம். ஒரே மகள் நிலா. செய்கிற கேக்கெல்லாம் அந்தப் பெண்ணுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் போகும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். முதல் இரண்டு நாள் வழக்கம்போலக் கேக் செய்தாராம். அக்கம்பக்கத்தில் கொடுத்தால், தெனமும் என்ன விசேஷம் என்று ஒரு மாதிரி கேட்டார்கள். மிச்சத்தை எறும்பு மொய்த்தது. மூன்றாம் நாள் முக்கால் கேக்கை மாட்டுத் தொட்டியில் போட்டாராம்.

"எவ்வளவு சின்னத் தகரத்துல போட்டாலும் ஒத்த ஆளுக்குன்னு கேக் வராதுங்க. ஒரு முட்டையைப் பாதியா உடைக்க முடியுமா? கடையில வாங்கினா ஒரு துண்டோட போயிரும். படம் போடாம விட்டா அன்னைக்கு என்கிட்ட பேசுறதுக்கு ஆளே கிடையாது."

படத்தைப் போட்டுவிட்டு அந்தத் துண்டை அவரேதான் சாப்பிடுவாராம். சொல்லும்போது வெட்கப்பட்டார். சனிக்கிழமை ராத்திரி என் அறையில் அதே துண்டை, அதே மாதிரிதான் நானும் சாப்பிடுகிறேன். நான் படம்கூட எடுப்பதில்லை.

சந்திரலேகா கூப்பிட்டபோது போனை ஏன் எடுக்கவில்லை என்றேன். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அந்தப் பெண் கண்டுபிடித்துவிடும் என்றார். பிறகு சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"லேகாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாரீசுல இருந்துகிட்டு என் கோணக் கேக்கை மெச்சுற பொண்ணு. ஏமாத்துக்காரின்னு தெரிஞ்சா அப்புறம் பேசாதுங்க."

அவ்வளவு அக்கறையான பெண் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். காரைக்காலில் மழை வரப்போகிறது, துணியை எடுங்கள் அக்கா என்று எழுதுமாம். எழுதிக் கால் மணி நேரத்தில் இங்கே தூறல் விழுந்துவிடுமாம். பாரீசில் இருந்தபடியே போனில் எல்லாவற்றையும் பார்க்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டார். சார் கண்ணை மூடினார். இந்த முறை அது தூக்கமில்லை.

வெளியே வந்ததும், கேஸ் முடிந்தது, அந்தப் பெண்ணுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன். போட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைக்க மாட்டேன் என்று காலையில் வாக்குக் கொடுத்தவர் இவர்தான். சொன்னால் காசியம்மாவுக்கு இருக்கிற ஒரு துணையும் போய்விடும். எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"போன் வேணாம். நேர்ல சொல்லுவோம்" என்று சார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பாரீசுக்கா சார்? பெட்ரோல் பத்தாது."

"வரிச்சிக்குடி வரைக்கும் பத்துமா?"

வண்டி ஓடும்போதே காதுக்குப் பின்னால் விளக்கம் வந்தது. காலையில் போனில் கேட்ட "கா... கா..." நினைவிருக்கிறதா என்றார். பாரீசிலும் காக்காய் இருக்கும் என்றேன். இருக்கும், சனிக்கிழமை சோறு வைத்துக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அவளுக்குக் கரண்டு போனது பதினோரு மணிக்கு. அதே நேரத்தில் டவுனில் நம் தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வரிச்சிக்குடியில் போய்விட்டது. இது மட்டுமென்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் கார்த்திகை மழை கடலிலிருந்து வருகிறது. வரிச்சிக்குடியில் நனைந்த பிறகுதான் குரும்பகரத்தில் நனையும்.

"அந்தப் பொண்ணு போனைப் பாத்து மழையைச் சொல்லல. நனைஞ்சுகிட்டே சொல்லியிருக்கு."

அப்படியானால் இந்த இரண்டு பேரும் ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை நாளாகக் கடல் தாண்டிப் பேசியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரி என்று தெரிந்திருந்தால் காசியம்மா குரும்பகரம் என்று சொல்லியிருப்பார். வெளிநாட்டுக்காரி என்பதால்தான் எல்லோரையும்போலக் காரைக்கால் என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

வரிச்சிக்குடியில் துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாரீஸ் முழுப் பொய்யாக இருக்காது என்று சார் சொன்னதால், பிரான்சிலிருந்து திரும்பி வந்த பெண் வீடு எது என்று டீக்கடையில் கேட்டோம். பச்சை கேட் போட்ட வீடு, அவங்க அண்ணன் வாடகைக்கு இருக்காரு என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது. ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

அண்ணி எங்களைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். விருந்தாளி வருவது அபூர்வம் போலிருக்கிறது, நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். முப்பது வயதுப் பெண், நைட்டிமேல் துண்டு போட்டபடி எழுந்து நின்றாள். சார் தன் பெயரைச் சொன்னார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அக்கா உயிரோட இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றார் சார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கும் வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாரீசுக்குப் போனது உண்மை. அவள் வீட்டார் மயிலாடுதுறைப் பக்கம். பிரெஞ்சுக் குடியுரிமைக்கார மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்தார்கள். எங்களை மாதிரி யாரிடமும் விசாரிக்கவில்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்து அண்ணன் வீட்டு அறைக்குள் போனவள், வாசல் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைதானாம்.

"குரூப்ல நான் பாரீஸ் லேகா. இங்க வாழாவெட்டி. எந்தப் பேரை வச்சுக்குவீங்க நீங்களா இருந்தா?"

எந்தப் பேரை என்று எனக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

சார் கொடுத்த வாக்கை மீறவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்று காசியம்மா கும்பிட்ட கையையும் சேர்த்துத்தான் சொன்னார். கடைத் துண்டு, மாட்டுத் தொட்டி, ஓசூர், எதையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர், ஏமாத்துக்காரி என்று நினைத்துவிடுவாளோ என்று அந்த அம்மா பயப்படுவதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். "நானா அவங்களை நெனைக்கிறது?" என்றாள். பிறகு, அவர்கள் மட்டும் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று குரல் இறங்கியது.

"அது எங்க வேலை இல்லம்மா. அதை நீதான் விசாரிக்கணும்" என்றார் சார்.

கட்டில்மேல் போன் கிணுகிணுத்தது. மணி நான்கு. குழுவில் காசியம்மாவின் படம் வந்திருந்தது: பீங்கான் தட்டில் ஹனி கேக், நான்கு பக்கமும் வெட்டிய துண்டு. கீழே பூவும் இதயமுமாக விழ ஆரம்பித்தது. சூப்பர்க்கா, செய்முறை போடுங்கக்கா என்று கேட்டார்கள். சந்திரலேகா குழுவை மூடிவிட்டு, காசியம்மாவின் தனி எண்ணைத் திறந்தாள். எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத பெண், கை சில்லென்று இருந்தது.

"அக்கா நான் பாரீசுல இல்ல. வரிச்சிக்குடியில இருக்கேன்."

இரண்டு நீலக் கோடுகள் வந்தன. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. பிறகு பதில் வந்தது.

"எந்தத் தெரு?"

அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தோளைத் தொட்டேன். எழுந்து அறைக் கதவைத் திறந்து, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, நம்ம தெருவுக்கு என்ன பேரு?"